குறைந்த செலவில் காரைத் தாழ்த்துவது: தொடங்குபவர்களுக்கு ஒரு விளக்கம்

டயரின் மேல்விளிம்புக்கும் ஃபெண்டரின் வளைவுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தைக் குறைத்து, காரின் உடலைச் சாலைக்கு நெருக்கமாகக் கொண்டுவருவதைத்தான் பட்டறைகளில் 'லோயரிங்' என்கிறார்கள். கார் பார்வைக்குக் கட்டுக்கோப்பாக இருக்க வேண்டும் என்று சிலர் இதைச் செய்கிறார்கள். வளைவுகளில் சாயாமல் திரும்ப வேண்டும் என்று சிலர் செய்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு ஆசையும் உண்டு. கையில் பணம் குறைவாக இருந்தால் இந்த வேலை ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. கார் தாழ்ந்துவிட்டது, ஆகவே வேலை முடிந்தது என்று உரிமையாளரும் எண்ணிக்கொள்கிறார்.

உண்மையில், உயரத்தைக் குறைப்பதற்கு ஏறக்குறையச் செலவே இல்லை. உயரம் குறையும்போது சக்கரம் மேலேறுவதற்கு இருந்த தூரமும் குறைந்துபோகிறது. அந்த இழப்பைச் சமாளிப்பதற்குத்தான் பணம் வேண்டியிருக்கிறது. இதை முதலில் விளங்கிக்கொண்டவர் குறைந்த தொகையிலும் நல்ல வேலையைச் செய்துகொள்ள முடியும். பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால், 2018 முதல் 2024 வரை இந்தியாவில் விற்பனையான மூன்றாம் தலைமுறை மாருதி சுசுகி ஸ்விஃப்ட் காரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 900 கிலோ எடை, 2450 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான நீளம்), 163 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் காரின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி) கொண்ட இந்தக் காரின் அமைப்புதான் நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களின் அமைப்பும்.

சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவில் மூன்று பொருள்கள்

ஸ்விஃப்டின் முன்பக்கத்தில் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய காயில் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நின்று, கீழே சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடும், மேலே பானெட்டுக்கு அடியில் தெரியும் ஸ்ட்ரட் மவுன்ட்டோடும் இணைந்திருக்கும். நக்கிளின் அடிப்பகுதியை லோயர் ஆர்ம் பிடித்துக்கொள்ளும். பின்பக்கத்தில் இருப்பது டார்ஷன் பீம். இடது, வலது சக்கரங்களை இணைக்கும் முறுங்கக்கூடிய ஒரே இரும்புச் சட்டம் அது. அங்கே ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் அப்சார்பர் தனியாகவும் நிற்கும். பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றுவது எளிதாகவும், முன்பக்கத்தில் அதே வேலை கடினமாகவும் ஆபத்தாகவும் இருப்பதற்கு இந்த வேறுபாடே காரணம்.

எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. அழுத்தப்பட்ட ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாமல் அந்த ஆற்றலை எண்ணெயின் வழியாக வெப்பமாக மாற்றிவிடுவது ஷாக் அப்சார்பரின் வேலை. பலர் எண்ணிக்கொண்டிருப்பதைப் போல அது காரைத் தாங்குவதில்லை. மூன்றாவது பொருளைத் தொடங்குபவர்கள் யாரும் கவனிப்பதில்லை. ஷாக் அப்சார்பரின் தண்டில் கோர்க்கப்பட்டிருக்கும், கட்டைவிரலைவிடச் சற்றே நீளமான, நுரைபோன்ற பாலியூரித்தேன் துண்டுதான் அது. அதன் பெயர் பம்ப் ஸ்டாப். சக்கரம் எல்லைவரை மேலேறும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் இதுவே இடையில் நசுங்கிக்கொடுக்கிறது. இன்றைய கார்கள் பலவற்றில் இது கடைசி நொடியில் மட்டும் வேலைசெய்யும் தடுப்பு இல்லை. பயணத்தின் பிற்பகுதி முழுவதும் ஸ்பிரிங்குக்குத் துணைநின்று சுமையைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டாவது ஸ்பிரிங்காகவே இதை வடிவமைக்கிறார்கள்.

கார் சமதளத்தில் நிற்கும்போது, அங்கிருந்து சக்கரம் மேலேறுவதற்கு இருக்கும் தூரத்தை மேற்பயணம் என்றும், கீழிறங்குவதற்கு இருக்கும் தூரத்தைக் கீழ்ப்பயணம் என்றும் சொல்வோம். மேடு வந்தால் முதலாவது செலவாகிறது. பள்ளம் வந்தால் இரண்டாவது செலவாகிறது. காரைத் தாழ்த்தினால் இந்த இரண்டுக்கும் உள்ள பங்கீடு மாறுகிறது, குறைவது மேற்பயணம்.

ஒரு சுற்றை வெட்டினால் நடப்பது

கணக்கு எளிதாக இருப்பதற்காக உருண்டையான எண்களை எடுத்துக்கொள்வோம். முன்பக்க ஸ்பிரிங் ஒன்றின் மேல் 250 கிலோ எடை இருக்கிறது. ஸ்பிரிங்கின் கடினம் மில்லிமீட்டருக்கு 2 கிலோ, அதாவது 2 கிலோ எடை வைத்தால் 1 மி.மீ. அமுங்கும், வேலைசெய்யும் சுற்றுகள் ஆறு, சுற்றுக்குச் சுற்று இடைவெளி 50 மி.மீ.; சுமையில்லாத நீளம் 330 மி.மீ. என்று கொள்வோம். கார் இறங்கி நிற்கும்போது ஸ்பிரிங் 125 மி.மீ. அமுங்கி 205 மி.மீ. நீளத்தில் நிற்கும். மேற்பயணம் 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு சுற்றை வெட்டி எடுக்கிறோம். ஸ்பிரிங்கின் நீளம் 280 மி.மீ. ஆகிறது. சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தால் கடினம் அதே விகிதத்தில் கூடும் என்பது காயில் ஸ்பிரிங்கின் இயல்பு. ஆறு ஐந்தாகும்போது மில்லிமீட்டருக்கு 2 கிலோ என்பது 2.4 கிலோ ஆகிறது. எனவே அதே 250 கிலோவுக்கு ஸ்பிரிங் 104 மி.மீ.தான் அமுங்கி, 176 மி.மீ. நீளத்தில் நிற்கும். வெட்டியது 50 மி.மீ.; கார் தாழ்ந்ததோ 29 மி.மீ. இந்த வேறுபாடு தெரியாமல், இன்னும் தாழவில்லையே என்று இரண்டாவது சுற்றையும் வெட்டுபவர்கள் உண்டு.

கார் 29 மி.மீ. தாழ்ந்ததால் மேற்பயணத்தில் மிஞ்சியிருப்பது 51 மி.மீ. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும் சக்கரம் மேலே தள்ளப்படும்போது ஸ்பிரிங் தன் எல்லைக்குள் எவ்வளவு ஆற்றலைக் கூடுதலாக வாங்கிக்கொள்ள முடியும் என்பது கடினத்தைப் பொறுத்தும், தூரத்தின் இருமடியைப் பொறுத்தும் அமைகிறது. பழைய நிலையில் அது ஏறத்தாழ 63 ஜூல். புதிய நிலையில் ஏறத்தாழ 31 ஜூல். கடினம் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தும் தாங்கும் திறன் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியைப் பம்ப் ஸ்டாப் வாங்க வேண்டும். அதனாலும் முடியாவிட்டால் ஸ்ட்ரட் மவுன்ட்டும், கடைசியில் காரின் உடலும் வாங்கிக்கொள்ளும். வெட்டிய ஸ்பிரிங் கொண்ட கார்கள் சாதாரணப் பள்ளத்திலும் 'டொப்' என்று அடிப்பது இதனால்தான். ஸ்பிரிங் கடினமாகிவிட்டதால் அடிக்கிறது என்று பலர் சொல்வார்கள்; போதிய அளவு கடினமாகாததுதான் சிக்கல்.

அப்படியானால், இழந்த திறனை ஸ்பிரிங்கின் கடினத்தைக் கொண்டே மீட்க வேண்டுமென்றால் எவ்வளவு வேண்டும்? அதே கணக்கின்படி மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4.9 கிலோ, அதாவது முன்பிருந்ததைப்போல் இரண்டரை மடங்கு. விநாடிக்கு 1.4 முறை மெதுவாக ஏறி இறங்கிய கார் அப்போது 2.2 முறை ஏறி இறங்கும். இது பந்தயக் கார்களின் எல்லை. பெரியவர்களும் குழந்தைகளும் ஏறும் வீட்டுக் காருக்கு ஏற்றதில்லை. ஆகவே சாலையில் ஓடும் கார் ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டியிருக்கிறது: சற்றுத் தாழ்வு, சற்றுக் கடினம், நல்ல பம்ப் ஸ்டாப். 25 முதல் 30 மி.மீ. வரையிலான தாழ்வோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இந்தக் கணக்கே அடிப்படை.

வளைவில் உண்மையில் கிடைப்பது

தாழ்ந்த காரின் எடைமையம் தாழ்கிறது. ஆகவே வளைவில் நன்றாகத் திரும்புகிறது என்பார்கள். கூற்று சரி, ஆனால் அளவு மிகச் சிறியது. ஓட்டுநரோடு 1000 கிலோ எடையுள்ள காரின் எடைமையம் தரையிலிருந்து 550 மி.மீ. உயரத்தில் இருப்பதாகவும், இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 1530 மி.மீ. என்றும் கொண்டு, புவியீர்ப்பில் 0.6 பங்கு பக்கவிசையோடு ஒரு வளைவைக் கடந்தால், உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு ஏறத்தாழ 216 கிலோ எடை இடம்மாறும். எடைமையத்தை 30 மி.மீ. தாழ்த்தினால் அது 204 கிலோவாகும். 12 கிலோதான் வேறுபாடு. அதற்காகவா இவ்வளவு பாடு என்று கேட்டால், அதற்காக மட்டும் வேண்டாம் என்பதே விடை.

மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் இதற்கு எதிரான விளைவு ஒன்றும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது லோயர் ஆர்ம், சக்கரத்தின் பக்கம் சற்றுத் தாழ்ந்தோ தரைக்கு இணையாகவோ இருக்கும். காரைத் தாழ்த்தினால் உட்பக்கம் தாழ்ந்து சக்கரப் பக்கம் உயர்ந்து நிற்கத் தொடங்கும். காரின் உடல் எந்தப் புள்ளியை அச்சாகக் கொண்டு சாய்கிறதோ அந்தப் புள்ளி, லோயர் ஆர்மின் கோணத்தைப் பொறுத்தது. கோணம் இப்படி மாறும்போது அந்தப் புள்ளி எடைமையத்தைவிட வேகமாகக் கீழிறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால், காரைச் சாய்க்கும் நெம்பு நீளமாகிறது. அளவுக்கு மீறித் தாழ்த்தப்பட்ட காரில், ஸ்பிரிங்கும் போதிய கடினமாக இல்லாவிட்டால், முன்பைவிட அதிகமாகச் சாய்வதும் நடக்கும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியான டை ராடும் லோயர் ஆர்மும் ஒரே போக்கில் ஏறி இறங்காமல் போவதால், மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகவே சற்றுத் திரும்பும் குறையும் அப்போது தலைகாட்டும்.

நல்ல லோயரிங் ஸ்பிரிங் போட்ட காரை ஓட்டியவர்கள் உணரும் இறுக்கமும் உடனடித்தன்மையும் பொய்யில்லை. ஆனால் அவை பெரும்பாலும் ஸ்பிரிங் கடினமானதாலும், பலமுறை, கூடவே பழைய ஷாக் அப்சார்பரை மாற்றியதாலும் கிடைப்பவை. 80,000 கிலோமீட்டர் ஓடித் தளர்ந்துபோன ஷாக் அப்சார்பருக்குப் பதிலாகப் புதியதைப் போட்டு, நல்ல டயரும் போட்டால், உயரத்தைத் தொடாமலேயே இந்த உணர்வில் பெரும்பகுதியைப் பெற்றுவிடலாம். சாயாமல் திரும்ப வேண்டும் என்பது மட்டும் உங்கள் தேவையாக இருந்தால், முதல் பணத்தை அங்கே போடுங்கள்.

வேகத்தடையும் காரின் வயிறும்

எவ்வளவு தாழ்த்தலாம் என்பதைச் சாலைதான் முடிவுசெய்ய வேண்டும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 வழிகாட்டி, வட்டவில் வடிவ வேகத்தடைக்கு 17 மீட்டர் ஆரம், 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் என்று அளவு சொன்னது. அந்த அளவில் கட்டிய தடையின் உச்சி, ஸ்விஃப்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வரும்போது நான்கு சக்கரங்களும் தடையின் சரிவின் மேலேயே நிற்கும். உச்சிக்கும் சக்கரங்கள் நிற்கும் இடத்துக்கும் உள்ள உயர வேறுபாடு 44 மி.மீ.தான். 163-இல் 44 போக 119 மி.மீ. மிஞ்சும். 30 மி.மீ. தாழ்த்திய காரில் 89. நான்கு பேரும் பெட்டிகளும் ஏறி இன்னொரு 30 மி.மீ. அமுங்கினாலும் 59 மி.மீ. இருக்கும். எங்கும் உரசாது.

தெருக்களில் அவரவர் விருப்பப்படி கொட்டிவைத்த தடைகள் வேறு வகை. ஒரு மீட்டர் அகலமும் 15 செ.மீ. உயரமும் கொண்ட தடையைக் கடக்கும்போது முன்சக்கரங்கள் ஒரு பக்கமும் பின்சக்கரங்கள் மறு பக்கமும் சமதளத்தில் நிற்க, முழு 150 மி.மீ. உயரமும் காரின் வயிற்றுக்கு நேரே வரும். தாழ்த்தாத ஸ்விஃப்ட் ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது 13 மி.மீ. இடைவெளியில் தப்பிக்கும், ஆட்களை ஏற்றிக்கொண்டால் அதுவும் உரசும். தாழ்த்திய கார் காலியாக இருந்தாலும் ஏறிக் குந்திவிடும். குறுக்கே சாய்வாக ஏற்றி இறக்கிச் சமாளிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவே ஸ்பிரிங் வாங்குவதற்கு முன் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, உங்கள் தெருவிலும் அலுவலக வழியிலும் அடுக்குமாடியின் சரிவுப் பாதையிலும் உள்ள மோசமான தடையை அளந்து பாருங்கள். காரின் அடியில் மிகத் தாழ்வாகத் தொங்குவது எது என்பதையும் பார்த்துவையுங்கள்: எஞ்சினின் எண்ணெய்க் கிண்ணமா, சைலன்சர் குழாயா, பிளாஸ்டிக் தட்டா என்பதைப் பொறுத்து ஓர் உரசலின் விலை மாறும்.

தாழ்த்திய பிறகு உரசுகிறது என்று ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் ரப்பர் பஃபரைச் செருகுபவர்களை நிறையப் பார்க்கலாம். பணம் கொடுத்துத் தாழ்த்தி, மறுபடியும் பணம் கொடுத்து உயர்த்தி, நடுவில் ஸ்பிரிங்கின் சில சுற்றுகள் அசையாமல் செய்துவிடும் வேலை அது. கோயம்புத்தூரின் காரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற சமமான ஓடுதளத்தில் மட்டும் ஓடும் கார் என்றால் இந்தக் கவலைகள் எதுவும் வேண்டாம். அந்தக் கார்களின் படங்களைப் பார்த்து அன்றாடக் காரின் உயரத்தை முடிவுசெய்யக் கூடாது.

வழிகளும் அவற்றின் செலவும்

முற்றிலும் தவிர்க்க வேண்டிய இரண்டை முதலில் சொல்லிவிடுகிறேன். கேஸ் டார்ச்சால் ஸ்பிரிங்கைச் சூடேற்றி, காரின் எடையிலேயே அதை உட்காரவைப்பது ஒன்று. ஸ்பிரிங் எஃகின் வலிமை அதற்குத் தொழிற்சாலையில் அளந்து கொடுத்த வெப்பப் பதத்தில் இருக்கிறது. 3000 டிகிரி செல்சியசைத் தாண்டும் ஆக்சி-அசிட்டிலின் சுடர் பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். அங்கே எஃகு மென்மையாகிக் காலப்போக்கில் இன்னும் அமரும், அல்லது உடையும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் அமரும் என்பதற்கும் உறுதி இல்லை. சுற்றுகளை இழுத்துப் பிடித்துக் கிளாம்ப் போட்டு இறுக்குவது மற்றொன்று. ஓடும்போது ஒரு பக்கக் கிளாம்ப் கழன்றால் கார் அந்த நொடியே ஒரு பக்கம் எழும்பிவிடும்.

ஸ்பிரிங்கை வெட்டுவது இவ்வளவு மோசமான வழி அன்று. ஆனாலும் நான் பரிந்துரைப்பதில்லை. சுடர் இல்லாமல் கட்டிங் டிஸ்கால், சூடேறாதபடி நிறுத்தி நிறுத்தி வெட்டினால் எஃகின் பதம் கெடாது. மேலே கண்ட கணக்கைத் தவிர வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, ஸ்பிரிங்கின் முனை. சில ஸ்பிரிங்குகளின் முனை சாதாரணச் சுற்றாகவே முடியும். சிலவற்றின் முனை பன்றிவாலைப் போல் உள்நோக்கிச் சுருண்டு சிறியதாகும். சுருண்ட முனையை வெட்டிவிட்டால் மிச்சமுள்ள பெரிய சுற்று, ஸ்பிரிங் உட்காரும் தட்டான இருக்கையில் பொருந்தாது. இரண்டாவது, தொங்கும் நிலை. காரை ஜாக்கியில் தூக்கினால், அல்லது ஓடும்போது ஒரு சக்கரம் பள்ளத்தில் முழுமையாக இறங்கினால், ஷாக் அப்சார்பர் தன் முழு நீளத்துக்கு நீளும். குட்டையாகிவிட்ட ஸ்பிரிங் அப்போது மேலும் கீழும் அழுந்தாமல் தளர்ந்து, இருக்கையை விட்டு நகர்ந்துவிடலாம். எந்த வழியில் தாழ்த்தினாலும், சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கைக் கையால் திருகிப் பார்க்க வேண்டும். சிறிதும் அசையாமல் பிடிப்போடு இருந்தால்தான் அந்த அமைப்பு சரி.

ஒரே மாதிரிக் காரின் வேறு வகையிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்துப் போடும் வழக்கமும் உண்டு. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் கனமானது. ஆகவே டீசல் காரின் முன் ஸ்பிரிங்கும் கடினமாக இருக்கும். பி.எஸ்.6 புகை மாசு விதிகள் நடைமுறைக்கு வந்த 2020-இல் டீசல் ஸ்விஃப்ட் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் வாங்கிய டீசல் காரில் பெட்ரோல் காரின் ஸ்பிரிங்கைப் போட்டால் மூக்கு தாழும். ஆனால் மேற்பயணமும் குறைந்து, ஸ்பிரிங்கும் மென்மையாகிவிடுவதால் இது வெட்டிய ஸ்பிரிங்கைவிடவும் மோசமான சேர்க்கை.

நியாயமான செலவுக்கு நல்ல பலன் தருவது, அந்தக் காருக்கென்றே செய்த லோயரிங் ஸ்பிரிங். ஐபாக், எச் அண்ட் ஆர், டீன், கோப்ரா முதலிய பெயர்களில் இவை கிடைக்கின்றன. பலவற்றில் சுற்றுகளின் இடைவெளி ஒரு முனையில் நெருக்கமாகவும் மறு முனையில் அகலமாகவும் இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நெருக்கமான சுற்றுகள் முதலில் ஒன்றோடொன்று படிந்துவிட, மீதிச் சுற்றுகள் மட்டும் வேலைசெய்வதால், அமுங்க அமுங்கக் கடினம் கூடும். ஷாக் அப்சார்பர் முழுதாக நீளும்போதும் ஸ்பிரிங் தளராமல் இருக்கையில் இருப்பதற்கு அந்த நெருக்கமான, மென்மையான சுற்றுகளே உதவுகின்றன. வெட்டிய ஸ்பிரிங்கில் இல்லாத இரண்டு நன்மைகள் இவ்வாறு ஒரே வடிவத்தில் கிடைத்துவிடுகின்றன. ஜெர்மனி நிறுவனங்களின் ஸ்பிரிங்குகளோடு வரும், அந்நாட்டுச் சோதனை அமைப்பான டி.யூ.வி.யின் சான்றிதழில் அவை எந்தெந்தக் கார்களுக்கு, எவ்வளவு அச்சுச் சுமைக்கு ஏற்றவை என்பது எழுதப்பட்டிருக்கும். பெட்டியின் மேலிருக்கும் விளம்பரத்தைவிட இந்தத் தாளைப் படிப்பது பயன்தரும்.

மரையிட்ட தூணில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் காயிலோவர்கள் ஸ்பிரிங் தொகுப்பைப்போல் பல மடங்கு விலை உடையவை. மலிவான காயிலோவரைவிட நல்ல ஸ்பிரிங்கும் நல்ல ஷாக் அப்சார்பரும் மேல் என்பது என் உறுதியான கருத்து. உயரத்தை மாற்றும் வசதியைப் பெரும்பாலானவர்கள் முதல் மாதத்துக்குப் பிறகு தொடுவதில்லை. நம் மழையிலும் சேற்றிலும் மரைகள் துருவேறிப் பிடித்துக்கொண்டால் தொடவும் முடியாது. காற்று சஸ்பென்ஷனைப் பற்றிக் குறைந்த செலவு என்ற தலைப்பில் பேசுவதற்கு எதுவும் இல்லை.

ஷாக் அப்சார்பரை மாற்றத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கும் கணக்கு உதவும். துள்ளலை அடக்குவதற்கு வேண்டிய விசை, ஸ்பிரிங் கடினத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடுகிறது. கடினம் 20 சதவீதம் கூடினால் ஷாக் அப்சார்பர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதலாக உழைத்தால் போதும். நல்ல நிலையிலுள்ள கம்பெனி ஷாக் அப்சார்பர் இதைச் சமாளிக்கும். ஏற்கெனவே எண்ணெய் கசிந்து தூசி படிந்திருப்பது சமாளிக்காது. பணம் போதவில்லை என்றால், கம்பெனி ஷாக் அப்சார்பர் தேய்ந்து மாற்ற வேண்டிய நாள் வரும்வரை பொறுத்திருந்து, அப்போது ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனமான திட்டம். ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டும் கூலியையும் அலைன்மென்ட் செலவையும் ஒரு முறை கொடுத்தால் போதும். பம்ப் ஸ்டாப்பும் ஸ்ட்ரட் மவுன்ட்டும் அதனுள் இருக்கும் பேரிங்கும் அந்த நாளிலேயே புதிதாகட்டும். பயன்படுத்திய ஸ்பிரிங்கை, துருவும் வெட்டுத் தடமும் இல்லாமல் பெயிண்ட் முழுதாக இருந்தால் வாங்கலாம். பயன்படுத்திய ஷாக் அப்சார்பரை வாங்க வேண்டாம்.

சட்டம்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடைசெய்கிறது. உற்பத்தியாளரின் மூல அமைப்பிலிருந்து மாறுபட்ட வாகனங்களை அனுமதிக்க முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம் 182ஏ பிரிவை மாற்றியமைத்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அது இடம்தருகிறது. ஆர்.சி. புத்தகத்தில் காரின் உயரம் எழுதப்படவில்லை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். சாலையோரச் சோதனையில் அந்த வாதத்தை நம்பிச் செல்வது அறிவுடைமை ஆகாது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம், தனக்குத் தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுப்பதற்கு இடமிருக்கிறது. இவற்றைத் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளை, எது இடது எது வலது என்று எழுதி, பத்திரமாக வைத்திருங்கள்.

வேலை நடக்கும் நாள்

முதலில் அளவெடுக்க வேண்டும். நான்கு சக்கரங்களிலும் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே ஃபெண்டரின் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தமும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும்.

பின்பக்கத்தில், ஷாக் அப்சார்பர்களின் கீழ் போல்ட்டுகளைக் கழற்றிப் பீமை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். பிரேக் ஹோசும் ஏ.பி.எஸ். சென்சார் ஒயரும் இழுபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். முன்பக்கம் அப்படியில்லை. ஸ்ட்ரட்டிலுள்ள ஸ்பிரிங் அமுக்கிவைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரசரால் இறுக்கிப் பிடிக்காமல் மேல் நட்டைத் திறந்தால், அது மவுன்ட்டையும் நட்டையும் சேர்த்து முகத்தில் எறியும். பணத்தை மிச்சப்படுத்த இந்த வேலையை வீட்டில் செய்யத் துணிய வேண்டாம். நல்ல கம்ப்ரசர் வைத்திருக்கும், அதைப் பொறுமையாகப் பயன்படுத்தும் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பழகிய மெக்கானிக்குகளும் தவறவிடும் ஒரு வேலை உண்டு. லோயர் ஆர்மின் புஷ்ஷிலும் பின் பீமின் புஷ்ஷிலும் உள்ள ரப்பர், உட்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டப்பட்டிருக்கும்; ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுங்கித் திரும்பும். நடு போல்ட்டை இறுக்கும் நொடியில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதுவே ரப்பருக்கு முறுக்கமில்லாத நிலை ஆகிவிடும். கார் லிஃப்ட்டில், சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், காரை இறக்கியவுடன் ரப்பர் முறுங்கி நிற்கும். கார் சும்மா நிற்கும்போதும் முறுங்கியே நிற்கும். சில மாதங்களில் ரப்பர் கிழிந்து, பள்ளத்தில் 'டக் டக்' என்ற ஓசை தொடங்கும், பழி ஸ்பிரிங்கின் மேல் விழும். சரியான முறை என்னவென்றால், இந்தப் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, காரின் எடை சக்கரங்களின் மேல் நிற்கும்போது, புதிய உயரத்தில் இறுக்குவது. ஸ்பிரிங் மாற்றும்போது கழற்றத் தேவையில்லாத போல்ட்டாக இருந்தாலும் இதைச் செய்யச் சொல்லுங்கள். கூடுதலாக ஆகும் நேரம் அரை மணிக்கும் குறைவு. செலவு ஒன்றும் இல்லை.

பிறகு வீல் அலைன்மென்ட். தாழ்ந்த காரில் சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கேம்பரும், சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பும் டோவும் மாறியிருக்கும். 30 மி.மீ. தாழ்வில் வரும் கேம்பர் மாற்றம் பெரும்பாலும் ஒரு டிகிரிக்குள் இருக்கும்; அதனால் டயர் பெரிதாகத் தேயாது. டயரைத் தின்பது டோ. முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 3 மி.மீ. வெளியே திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ 2.4 மீட்டர் பக்கவாட்டில் இழுக்கப்படுகிறது. தாழ்த்திய காரில் டயரின் உட்பக்கம் மட்டும் வழுக்கையாவதற்கு, பழி கேம்பரின் மேல் விழுந்தாலும், பெரும்பாலும் காரணம் சரிசெய்யாத டோதான். முன்சக்கர டோவை எந்த அலைன்மென்ட் நிலையத்திலும் சரிசெய்யலாம். டார்ஷன் பீமில் பின்சக்கரத்தைச் சரிசெய்யத் திருகு எதுவும் கிடையாது. பீமுக்கும் ஹப்புக்கும் நடுவில் தகடு வைத்தே சரிசெய்ய வேண்டும், அதற்கு அவசியம் வருவது அரிது.

முகப்பு விளக்குகளின் கோணத்தைச் சுவரில் ஒளி விழவிட்டுச் சரிபாருங்கள். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் தாழ்ந்திருந்தால் ஒளி மேலெழும்பி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பின்னிருக்கையில் மூவரை உட்காரவைத்து, டயர் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். முதல் சில வாரங்களில் புதிய ஸ்பிரிங் இன்னும் சில மில்லிமீட்டர் அமரும். ஆகவே 500 கிலோமீட்டர் ஓடியதும், குறித்துவைத்த நான்கு அளவுகளையும் மறுபடி எடுத்து, இடமும் வலமும் 5 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் ஸ்பிரிங்கின் முனை இருக்கையில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லி, போல்ட்டுகளை, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கி, அலைன்மென்ட்டை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.